ஆனாபானசதி

ஆனாபானசதி (சமக்கிருதம்: ஆனாபானஸ்மிருதி) என்பது உள்மூச்சையும் வெளிமூச்சையும் இடைவிடாது அறிந்திருப்பதன் மூலம் மனத்தைப் பண்படுத்தும் பௌத்தத் தியான முறை ஆகும். மூச்சை ஆழமாக்குவதோ அடக்குவதோ இதன் நோக்கமன்று. மூச்சு இயல்பாக எவ்வாறு நிகழ்கின்றதோ அவ்வாறே அதனை அறிவதே இதன் அடிப்படை. இப்பண்பினால் இது மூச்சுக் கட்டுப்பாட்டை மையமாகக் கொண்ட பிராணாயாமத்திலிருந்து வேறுபடுகின்றது.

பாளித் திரிபிடகத்தில் பல இடங்களில் இம்முறை கூறப்பட்டுள்ளது. மஜ்ஜிம நிகாயத்தின் 118ஆவது சூத்திரமான ஆனாபானசதி சூத்திரம் இதனைப் பதினாறு படிகளாக விரித்துரைக்கின்றது. சம்யுத்த நிகாயத்தின் 54ஆவது தொகுதி முழுவதும் இதற்கெனவே அமைந்தது. தேரவாத, மகாயான மரபுகள் இரண்டிலும் இது பயிலப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சமயச் சார்பற்ற வடிவில் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் இது கற்பிக்கப்பட்டு வருகின்றது.

சொற்பொருள்

ஆன, அபான, சதி என்னும் மூன்று பாளிச் சொற்களின் சேர்க்கையே ஆனாபானசதி. முதலிரு சொற்களும் மூச்சின் இரு போக்குகளைக் குறிக்கின்றன. இவற்றுள் உள்மூச்சு எது, வெளிமூச்சு எது என்பதில் பழைய உரையாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. சூத்திர உரைகள் உள்மூச்சை முதலில் வைக்க, விநய உரை வெளிமூச்சை முதலில் வைத்தது. தாயின் வயிற்றிலிருந்து வெளிவரும் குழந்தையிடம் முதலில் நிகழ்வது வெளிமூச்சே என்பது பிந்திய கருத்துக்குக் காட்டப்பட்ட காரணம் ஆகும்.

சதி என்பது சமக்கிருத ஸ்மிருதி என்னும் சொல்லின் பாளி வடிவம். நினைவு என்பது அதன் முதற்பொருள். செய்வதை மறவாதிருத்தல், விழிப்புடன் இருத்தல் என்னும் பொருள்களில் பௌத்த நூல்கள் இதனைக் கையாளுகின்றன. எண்வகை மார்க்கத்தின் ஏழாவது உறுப்பாகிய சம்மாசதி தமிழில் நற்கடைப்பிடி எனப்படும். சூழ்ச்சி எனப் பொருள்படும் சதி என்னும் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

நூல்களில் கூறப்படும் தோற்றம்

மூச்சை அடக்குதலும் அதனைக் கைவிடுதலும்

புத்தர் ஞானம் பெறுமுன் மேற்கொண்ட கடுந்தவங்களை மஜ்ஜிம நிகாயத்தின் 36ஆவது சூத்திரம் விவரிக்கின்றது. அவற்றுள் ஒன்று வாயாலும் மூக்காலும் செவியாலும் மூச்சுப் போகாதபடி அடக்கிச் செய்யும் தியானம். இதனால் காதுகளில் பேரிரைச்சலும், தாங்கவொண்ணாத தலைவலியும், வயிற்றில் கடும் வேதனையும், உடல் முழுதும் எரிச்சலும் ஏற்பட்டதாக அச்சூத்திரம் கூறுகின்றது. இவ்வழி விடுதலைக்கு உதவாது எனக் கண்ட அவர், சிறுவயதில் நாவல் மர நிழலில் அமர்ந்திருந்தபோது தானாகவே வாய்த்த தியான நிலையை நினைவுகூர்ந்தார். அத்தியானம் மூச்சைப் பற்றியது எனச் சூத்திரம் கூறவில்லை. பிற்கால உரைகளே அதனை ஆனாபானசதி எனக் கொள்கின்றன. எனினும் மூச்சை வலிந்து அடக்கும் முறை தோல்வியுற்றது என்னும் செய்தி சூத்திரத்திலேயே உள்ளது. மூச்சை மாற்றாமல் அறியும் முறை ஏன் முதன்மை பெற்றது என்பதை விளங்கிக்கொள்ள இப்பின்னணி உதவும்.

வைசாலி நிகழ்வு

சம்யுத்த நிகாயத்திலும் விநய பிடகத்திலும் ஒரு துயர நிகழ்வு பதிவாகியுள்ளது. வைசாலியை அடுத்த மகாவனத்தில் தங்கியிருந்த புத்தர், உடலின் அழகற்ற தன்மையை எண்ணிப்பார்க்கும் அசுபத் தியானத்தைப் பிக்குகளுக்குக் கற்பித்துவிட்டு, அரைத் திங்கள் தனிமையில் இருந்தார். அத்தியானத்தில் மூழ்கிய பிக்குகள் பலர் தம் உடல்மீது கடும் வெறுப்புற்று உயிர்நீத்தனர். தனிமை முடிந்து திரும்பிய புத்தர், சங்கம் மெலிந்திருப்பது ஏன் என ஆனந்தரை வினவினார். நிகழ்ந்ததைக் கூறிய ஆனந்தர், வேறொரு முறையைக் கற்பிக்குமாறு வேண்டினார். அப்போது புத்தர் கற்பித்தது ஆனாபானசதி என நூல்கள் கூறுகின்றன. கோடையின் கடைசித் திங்களில் எழுந்த புழுதியைப் பருவம் தவறிப் பெய்யும் பெருமழை அடக்குவதுபோல, இத்தியானம் தீய எண்ணங்களை எழுந்தவுடனே அடக்கும் என அங்கு உவமை சொல்லப்படுகின்றது. இது அமைதியும் இனிமையும் உடையது என்றும் அங்குச் சிறப்பிக்கப்படுகின்றது.

தியான முறை ஒவ்வொன்றும் பயில்பவரின் மனநிலைக்குப் பொருந்த வேண்டும், பொருந்தாவிடில் தீங்கும் விளையலாம் என்பதற்கு இந்நிகழ்வு பழமையான சான்றாகக் கருதப்படுகின்றது.

ஆனாபானசதி சூத்திரம்

இச்சூத்திரம் சாவத்தி நகரின் கிழக்குப் பூங்காவில், விசாகை என்னும் பெண்மணி கட்டுவித்த மாளிகையில் உரைக்கப்பட்டது. சாரிபுத்தர், மொக்கல்லானர், மகாகச்சபர், அனுருத்தர், ஆனந்தர் முதலிய மூத்த பிக்குகள் இளம் பிக்குகளுக்குப் பயிற்சியளித்துக் கொண்டிருந்தனர். அவர்களது முன்னேற்றம் கண்டு மகிழ்ந்த புத்தர், மழைக்காலத் தங்கலின் நிறைவுக்குப் பின்னரும் ஒரு திங்கள் அங்கேயே இருந்து, கோமுதி என்னும் முழுநிலவு நாளில் இவ்வுரையை ஆற்றினார்.

பதினாறு படிகளும் நந்நான்காக நான்கு தொகுதிகளாய் அமைந்துள்ளன. அவை முறையே உடல், உணர்ச்சி, சித்தம், தம்மங்கள் ஆகிய நால்வகைக் கடைப்பிடிகளுக்கு (சதிபட்டானம்) இணையானவை.

உடல்
1. நெடிய மூச்சை நெடியது என அறிதல்
2. குறுகிய மூச்சைக் குறுகியது என அறிதல்
3. முழு உடலையும் உணர்ந்தவாறு மூச்சு விடுதல்
4. உடலியக்கத்தைத் தணித்தவாறு மூச்சு விடுதல்

உணர்ச்சி
5. உவகையை (பீதி) உணர்தல்
6. இன்பத்தை (சுகம்) உணர்தல்
7. மனவியக்கத்தை உணர்தல்
8. மனவியக்கத்தைத் தணித்தல்

சித்தம்
9. சித்தத்தை உணர்தல்
10. சித்தத்தை மகிழ்வித்தல்
11. சித்தத்தை ஒருமுகப்படுத்தல்
12. சித்தத்தை விடுவித்தல்

தம்மங்கள்
13. நிலையாமையைக் காணுதல்
14. பற்று மங்குதலைக் காணுதல்
15. ஒடுக்கத்தைக் காணுதல்
16. விட்டுவிடுதலைக் காணுதல்

முதலிரு படிகளில் மட்டும் "அறிகிறான்" என்னும் வினை பயின்று வருகின்றது. மூன்றாம் படியிலிருந்து "பயில்கிறான்" என வினை மாறுகின்றது. எனவே மூச்சு நீண்டதா குறுகியதா என மாற்றமின்றி அறிவதே தொடக்கம் என்பதும், பயிற்சி அவ்வறிவின்மேல் எழுப்பப்படுகின்றது என்பதும் தெளிவாகும். பதினாறு படிகளிலும் மூச்சைப் பற்றிய அறிவு விடப்படுவதில்லை. ஒவ்வொரு படியும் உள்மூச்சுடனும் வெளிமூச்சுடனும் இணைத்தே கூறப்படுகின்றது.

இவ்வாறு பயில்வதால் நால்வகைக் கடைப்பிடிகளும், அவற்றால் ஞானத்தின் ஏழு உறுப்புகளும், அவற்றால் அறிவும் விடுதலையும் நிறைவுறும் எனச் சூத்திரம் முடிவு கூறுகின்றது. மன அமைதி இதில் இடைநிலையே அன்றி முடிவன்று.

பிற சூத்திரங்கள்

சதிபட்டான சூத்திரத்தில் முதல் நான்கு படிகள் மட்டும் இடம்பெறுகின்றன. அங்குப் பயில்பவர், கடைசல் பிடிக்கும்போது நீண்ட இழுப்பை நீண்டது எனவும் குறுகிய இழுப்பைக் குறுகியது எனவும் அறியும் தேர்ந்த கடைசல்காரருக்கு ஒப்பிடப்படுகின்றார். புத்தர் தம் மகன் இராகுலருக்கு இம்முறையைக் கற்பித்ததை மஜ்ஜிம நிகாயத்தின் 62ஆவது சூத்திரம் கூறுகின்றது. இதனை நன்கு பயின்றவர் தம் இறுதி மூச்சையும் அறிந்தே விடுவார் என அச்சூத்திரம் நிறைவுறுகின்றது.

விசுத்திமார்க்கத்தின் விளக்கம்

கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அனுராதபுரத்து மகாவிகாரையில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமார்க்கம், நாற்பது தியானப் பொருள்களுள் ஒன்றாக ஆனாபானசதியை அதன் எட்டாம் அதிகாரத்தில் விளக்குகின்றது. புத்தகோசர் காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த செய்தி அவரது உரைநூலொன்றின் முடிவுரையில் காணப்படுகின்றது.

இந்நூல் கூறும் பயிற்சி எண்ணுதலில் தொடங்குகின்றது. ஐந்துக்குக் குறைந்தும் பத்துக்கு மேற்பட்டும் எண்ணுதல் கூடாது. முதலில் தானியம் அளப்பவர்போல மெதுவாகவும், பின்னர் மாடுகளை எண்ணும் இடையர்போல விரைவாகவும் எண்ணுதல் வேண்டும். எண்ணிக்கையின் உதவியின்றியே மனம் மூச்சில் நிற்கும் நிலை வந்ததும் எண்ணுதல் விடப்படும். அதன்பின் மூச்சைத் தொடர்தல், மூச்சு மூக்கு நுனியையோ மேலுதட்டையோ தொடும் இடத்தில் கவனம் வைத்தல், மனத்தை நிலைநிறுத்தல் என்பன வருகின்றன.

மூச்சைத் தொடர்தல் என்பது அதன் பின்னால் உடலுக்குள்ளும் வெளியிலும் அலைவதன்று. நகர வாயிற்காவலர் நகருக்குள் இருப்போரையும் வெளியே இருப்போரையும் ஆராயாமல் வாயிலுக்கு வருவோரை மட்டும் நோக்குவார். மரம் அறுப்பவர் வாளின் பற்கள் மரத்தைத் தொடும் இடத்திலேயே கண்வைத்திருப்பார். ஆயினும் பற்களின் போக்குவரத்தை அவர் அறியாதவர் அல்லர். தியானம் செய்பவரும் இவ்வாறே தொடும் இடத்தில் கவனம் வைத்தல் வேண்டும்.

பிற தியானப் பொருள்கள் பயிலப் பயிலத் தெளிவடையும். மூச்சோ பயிலப் பயில நுண்மையடைந்து மறைவதுபோல் தோன்றும். அடித்த வெண்கலத்தின் ஓசை மெல்ல மெல்லத் தேய்வது இதற்கு உவமை. மூச்சே நின்றுவிட்டது எனத் தோன்றும்போது எழுந்து செல்லலாகாது என்று நூல் அறிவுறுத்துகின்றது. கருவில் உள்ளோர், நீரில் மூழ்கியோர், உணர்விழந்தோர், இறந்தோர் முதலியோரிடமே மூச்சு இராது. தாம் அவர்களுள் ஒருவர் அல்லர் என்பதால் மூச்சு இருக்கவே செய்கின்றது, தம் அறிவே போதிய கூர்மை பெறவில்லை எனத் தியானம் செய்பவர் உணர்ந்து, மூச்சு வழக்கமாகத் தொடும் இடத்திலேயே காத்திருத்தல் வேண்டும்.

மனம் ஒருமுகப்படும்போது நிமித்தம் எனப்படும் ஓர் அடையாளம் தோன்றும். அது சிலருக்கு விண்மீன் போலவும் சிலருக்கு முத்துப் போலவும் சிலருக்குப் பஞ்சு போலவும் தோன்றும். மனங்கள் வேறுபடுவதால் தோற்றமும் வேறுபடுகின்றது என நூல் கூறுகின்றது.

பொருள்கொள்வதில் உள்ள வேறுபாடுகள்

மூன்றாம் படியில் வரும் "முழு உடல்" என்னும் தொடர் நெடுங்கால விவாதத்திற்கு உரியது. விசுத்திமார்க்கம் இதனை மூச்சின் உடல் எனக் கொண்டு, மூச்சின் தொடக்கம், நடு, முடிவு ஆகியவற்றைத் தெளிவாக அறிதல் எனப் பொருள் கூறுகின்றது. தற்கால ஆசிரியர் பலர் இது தலை முதல் கால் வரையிலான உடலையே குறிக்கும் என்பர். முன்னதை ஏற்போர் மூக்கு நுனியில் கவனத்தைக் குவிக்கின்றனர். பின்னதை ஏற்போர் மூச்சுடன் உடல் முழுவதையும் உணரப் பயில்கின்றனர்.

பயிற்சியின் தொடக்கத்தில் வரும் "பரிமுகம்" என்னும் சொல்லும் இத்தகையதே. முகத்தருகே என்பது ஒரு பொருள். முன்னிலையில் இருத்துதல் என்பது மற்றொரு பொருள்.

கிழக்காசியாவில் பரவல்

கி.பி. 148இல் லோயாங் நகருக்கு வந்த பார்த்திய நாட்டுப் பிக்கு ஆன் ஷிகாவ், மூச்சுத் தியானம் பற்றிய நூலைச் சீன மொழிக்கு மொழிபெயர்த்தார். சீனத்தில் பௌத்தம் வேரூன்றிய தொடக்க காலத்திலேயே இம்முறை அங்கு அறிமுகமானது. எண்ணுதல், தொடர்தல், நிறுத்தல், நோக்குதல், திரும்புதல், தூய்மையாதல் என்னும் ஆறு கூறுகளாகச் சீன மரபு இதனைப் பகுத்தது. தியந்தாய் பிரிவின் ஆசான் சிய்யீ (538–597) இவ்வாறு வாயில்களைப் பற்றித் தனி நூல் எழுதினார். ஆன் ஷிகாவின் பெயரால் வழங்கும் நூலின் வேறுபட்ட வடிவம் ஒன்று 1999இல் ஜப்பானின் ஒசாக்கா பகுதியிலுள்ள கொங்கோ-ஜி கோயிலின் சுவடிகளிடையே கண்டறியப்பட்டது. செென் பிரிவுகளில் தொடக்கநிலைப் பயிற்சியாக ஒன்று முதல் பத்து வரை மூச்சை எண்ணும் வழக்கம் இன்றும் உள்ளது.

தற்காலப் பயிற்சி மரபுகள்

பர்மிய பிக்கு லேடி சயாடோ (1846–1923) பொதுமக்களுக்கும் தியானத்தைக் கொண்டு சென்றவர்களுள் முதன்மையானவர். ஆனாபான தீபனி என்னும் விளக்கநூலை அவர் எழுதினார். அவரது வழிவந்த மரபில், விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர் ஊ பா கின் (1899–1971) 1952இல் யாங்கோனில் தியான மையம் ஒன்றை நிறுவினார். அவரது மாணவரும் மண்டலையில் பிறந்த இந்திய வம்சாவளியினருமான ச. நா. கோயங்கா (1924–2013) 1969இல் இந்தியாவில் கற்பிக்கத் தொடங்கினார். இம்மரபின் பத்து நாள் முகாமில் முதல் மூன்று நாட்கள் ஆனாபானமும், அதன்பின் உடலுணர்ச்சிகளை நோக்கும் விபாசனையும் பயிற்றுவிக்கப்படுகின்றன. மகாராட்டிரத்தின் இகத்புரியில் இதன் முதன்மை மையம் உள்ளது. சென்னைப் புறநகரிலும் ஒரு மையம் இயங்குகின்றது.

மகாசி சயாடோ (1904–1982) மூச்சினால் வயிறு எழுவதையும் தாழ்வதையும் குறித்துநோக்கும் முறையைப் பரப்பினார். அதனை அவர் ஆனாபானசதியாகக் கொள்ளாமல், காற்றுப்பூதத்தை நோக்கும் விபாசனையாகவே வகுத்தார். 1950களில் இம்முறை இலங்கைக்கு வந்தபோது, வயிற்றை நோக்குவதற்கு நூலாதாரம் இல்லை எனச் சில இலங்கைப் பிக்குகள் மறுத்தனர்.

தாய்லாந்தின் புத்ததாச பிக்கு (1906–1993) பதினாறு படிகளையும் ஒரே முழுமையான பயிற்சியாகக் கற்பித்தார். வியட்நாமிய பிக்கு திக் நியட் ஹன் (1926–2022) நடத்தல், பாத்திரம் கழுவுதல் முதலிய அன்றாடச் செயல்களுடன் மூச்சு விழிப்பை இணைத்தார்.

பிராணாயாமத்துடன் ஒப்பீடு

பதஞ்சலியின் யோக சூத்திரத்தில் பிராணாயாமம் எட்டு உறுப்புகளுள் நான்காவது ஆகும். தமிழில் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் இதனை விளக்குகின்றது. அங்குப் பூரகம் (உள்ளிழுத்தல்) 16 மாத்திரை, கும்பகம் (அடக்குதல்) 64 மாத்திரை, இரேசகம் (வெளிவிடுதல்) 32 மாத்திரை என அளவு வகுக்கப்பட்டுள்ளது. பிராணாயாமத்தில் அளவு முன்னரே முடிவு செய்யப்பட்டு மூச்சு அதற்கு உட்படுத்தப்படுகின்றது. ஆனாபானசதியில் மூச்சு தன் அளவைத் தானே கொள்ள, மனம் அதனை அறிகின்றது. மனம் அடங்கும்போது மூச்சும் மென்மையாவது உண்டு. அது பயிற்சியின் விளைவே அன்றிச் செய்முறை அன்று. பெரும்பாலான தியான மரபுகளில் எண்ணுதல்கூட அறிவுக்குத் துணையாகவே கொள்ளப்படுகின்றது.

உடலியங்கியல்

ஓய்வு நிலையில் வளர்ந்த ஒருவர் நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுகின்றார். மூச்சின் சந்தம் மூளைத்தண்டின் முகுளத்தில் உள்ள நரம்பணுத் தொகுதிகளில் தோன்றுகின்றது. எனவே உறக்கத்திலும் மூச்சு நிற்பதில்லை. பெருமூளைப் புறணியின் வழியாக அதனை விரும்பியபடி மாற்றவும் இயலும். தானே இயங்குவதும் விருப்பத்திற்கு உட்படுவதுமாகிய இவ்விரட்டைத் தன்மை இதயத்துடிப்புக்கோ செரிமானத்திற்கோ இவ்வளவு இல்லை.

பயில்வோர் தொடக்கத்தில் எதிர்கொள்ளும் பொதுவான இடர்ப்பாட்டுக்கும் இதுவே காரணம் ஆகும். மூச்சைக் கவனித்தவுடன் அது செயற்கையாக மாறிவிடுகின்றது. கட்டுப்படுத்தாமல் கவனிப்பது என்பது பயின்றே பெற வேண்டிய திறன்.

உள்மூச்சின்போது இதயத்துடிப்பு சற்று விரைவதும் வெளிமூச்சின்போது தணிவதும் இயல்பு. மூச்சு மெதுவாகும்போது இவ்வேறுபாடு மிகுகின்றது. வெளிமூச்சின்போது துடிப்பைத் தணிப்பதில் வேகசு நரம்புக்கு முதன்மைப் பங்கு உண்டு.

மருத்துவப் பயன்பாடும் ஆய்வுகளும்

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்சுப் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் சான் கபாட்-சின், நாட்பட்ட வலியும் மன அழுத்தமும் உள்ளவர்களுக்கு எட்டு வாரப் பயிற்சியொன்றைத் தொடங்கினார். மூச்சைக் கவனித்தல் அதன் அடிப்படைப் பயிற்சிகளுள் ஒன்று. இதன் வழியில் மனச்சோர்வு மீண்டும் வராமல் தடுப்பதற்கான சிகிச்சை முறை ஒன்று பின்னர் உருவானது. அதனை மும்முறையோ மேலோ மனச்சோர்வுற்றவர்களுக்கு 2004இல் பிரித்தானியாவின் தேசிய மருத்துவ வழிகாட்டு நிறுவனம் பரிந்துரைத்தது.

2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 47 சோதனைகளில் பங்கேற்ற 3,515 பேரின் முடிவுகளை ஆராய்ந்தது. தியானப் பயிற்சிகள் பதற்றம், மனச்சோர்வு, வலி ஆகியவற்றை ஓரளவு குறைப்பதற்கு மிதமான சான்று இருப்பதாக அது கண்டது. மருந்து, உடற்பயிற்சி முதலிய பிற சிகிச்சைகளைவிட இவை சிறந்தவை என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. பிரித்தானியாவில் எண்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில், 8,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவு 2022இல் வெளியானது. வகுப்பில் அனைவருக்கும் பொதுவாக இத்தகைய விழிப்புநிலைப் பயிற்சியைக் கற்பித்ததால், வழக்கமான கல்வியைவிட மாணவர் மனநலத்தில் முன்னேற்றம் ஏற்படவில்லை என அது காட்டியது.

தீய விளைவுகள்

மூச்சுத் தியானம் பெரும்பாலோருக்குப் பாதுகாப்பானது எனினும் எல்லோருக்கும் அவ்வாறு அமைவதில்லை. தியானத்தின் தீய விளைவுகள் பற்றி 2020இல் வெளியான ஒரு திறனாய்வு, ஆய்வுகளில் பங்கேற்றோருள் ஏறத்தாழ 8 விழுக்காட்டினருக்கு அத்தகைய விளைவுகள் ஏற்பட்டதாக மதிப்பிட்டது. பதற்றமும் மனச்சோர்வும் அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டவை. கடும் அதிர்ச்சிக்கு உள்ளானவர்களுக்கும், அச்சத்தாக்கு நோய் உள்ளவர்களுக்கும் மூச்சைக் கவனிப்பதே அச்சத்தைத் தூண்டக்கூடும். இத்தகையோருக்குச் சுற்றுப்புற ஒலி, பாதம் தரையில் படும் உணர்ச்சி முதலியவற்றைக் கவனப்பொருளாகச் சில ஆசிரியர்கள் தருகின்றனர். உளநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் மருத்துவரைக் கலந்தே நீண்ட முகாம்களில் சேர்தல் நன்று. தியானம் மருந்துக்கு மாற்றாகாது.

ஒரு முறை பலருக்குத் தீங்காய் முடிந்தபோது மற்றொரு முறை அளிக்கப்பட்ட வைசாலி நிகழ்வை இங்கு ஒப்புநோக்கலாம்.

இவற்றையும் பார்க்கவும்

விபாசனா
சதிபட்டான சூத்திரம்
எண்வகை மார்க்கம்
விசுத்திமார்க்கம்
பிராணாயாமம்
திருமந்திரம்